நிலவில் விழும் கல்லுக்கு இரண்டு சாட்சி வேண்டும்

கேள்வி இதுதான்: "நிலவில் விண்கல் விழும்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம் தெரியும் என்கிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் வெளிச்சம் எப்படி வரும்? என்னிடம் 8 இஞ்ச் டெலஸ்கோப் இருக்கிறது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்க்க முடியுமா?"

முடியும். 8 இஞ்ச் தாராளமாகப் போதும். ஆனால் நிலவில் ஒரு வெளிச்சத்தைப் பார்ப்பது ஒரு வேலை, அது நிலவில்தான் நடந்தது என்று காட்டுவது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கடினம். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். பூமிக்கு வரும் சிறு கற்கள் காற்றில் பாய்ந்து சூடேறி, தரைக்கு 80, 100 கிலோமீட்டர் மேலேயே முடிந்துவிடுகின்றன. அதைத்தான் எரிநட்சத்திரம் என்கிறோம். நிலவில் தடுக்கக் காற்று இல்லை. சிறு கல்லும் வந்த வேகத்திலேயே தரையில் மோதுகிறது. அந்த வேகம் விநாடிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் போனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு அரை நிமிடம் கூட ஆகாது. அப்படி வரும் ஒரு கிலோ கல்லிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 75 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். கல்லுக்குள் வெடிமருந்து எதுவும் இல்லை, எல்லாம் வேகம் மட்டும்தான். அந்த வேகம் ஒரு நொடிக்குள் நின்றுபோகும்போது கல் ஆவியாகிறது, சுற்றியுள்ள மண் உருகித் தெறிக்கிறது. அந்த உருகிய துளிகள் கனன்று ஒளிர்கின்றன, உடனே ஆறி அணைந்துவிடுகின்றன.

எரிவதற்குத்தான் காற்று வேண்டும், ஒளிர்வதற்கு வேண்டாம். பழைய குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். அதற்குள் ஆக்சிஜன் கிடையாது. இழை எரிவதில்லை, சூட்டில் ஒளிர்கிறது. நிலவில் நடப்பதும் அதே வகைதான். வெப்பநிலை கூட அந்த இழைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. கிரேக்க நாட்டில் கிரியோனேரி என்ற இடத்தில் உள்ள 1.2 மீட்டர் டெலஸ்கோப்பில், ஏதென்ஸ் தேசிய வானாய்வகம் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பணத்தில் 'நெலியோட்டா' என்ற திட்டத்தை 2017-இல் தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு கேமராக்கள் படம் எடுக்கும். ஒன்று சிவப்பு ஒளியில், மற்றொன்று அகச்சிவப்புப் பக்கம். இரண்டிலும் அந்த வெளிச்சப் பொட்டு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். முதலில் வெளியிட்ட பொட்டுகளில் அது சுமார் 1,300 முதல் 3,100 கெல்வின் வரை வந்தது. இந்த எண்ணை மனதில் வையுங்கள், கேமரா அமைக்கும்போது உதவும்.

மோதலின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வெளிச்சமாகிறது. மீதியெல்லாம் பள்ளம் தோண்டவும் மண்ணைச் சூடாக்கவும் நிலவைச் சற்று அதிர வைக்கவும் செலவாகிவிடுகிறது. அதனால் பெரும்பாலான பொட்டுகள் பத்தில் ஒரு விநாடி கூட நிற்காது. நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போய்விடும்.

சரி, இப்போது சாட்சிக் கதை.

இங்கிலாந்தில் கேன்டர்பரி மடத்தைச் சேர்ந்த ஜெர்வாஸ் என்ற துறவி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். 1178 ஜூன் மாதம் ஒரு மாலை, பிறையின் மேல்கொம்பு இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து தீயும் பொறியும் கிளம்பியதாக ஐந்து பேர் அவரிடம் சொன்னார்களாம். 1976-இல் ஜாக் ஹார்டுங் என்ற அறிவியலாளர், நிலவின் மறுபக்க விளிம்பில் இருக்கும் 22 கிலோமீட்டர் அகலமான ஜோர்டானோ புரூனோ பள்ளம் அன்றுதான் உண்டாகியிருக்கும் என்றார். கேட்க அருமையாக இருக்கிறது. 2001-இல் பால் விதர்ஸ் ஒரு எளிய கேள்வி கேட்டார். அவ்வளவு பெரிய மோதல் என்றால் சிதறிய கற்கள் பூமிக்கு வந்து, நாட்கணக்கில் உலகம் முழுக்க எரிநட்சத்திரப் புயல் அடித்திருக்க வேண்டும். சீனாவிலும் கொரியாவிலும் அரபு நாடுகளிலும் வானத்தைக் கவனித்து எழுதிவந்த மக்கள் ஏன் ஒரு வரி கூட எழுதவில்லை? ஐந்து பேர் பார்த்தார்கள், ஆனால் ஐந்து பேரும் ஓரிடத்தில் நின்றார்கள். அவர்களுக்கு நேராக, நிலவை மறைத்தபடி, நம் வளிமண்டலத்திலேயே ஒரு எரிகல் அவர்களை நோக்கி வந்திருந்தால் இப்படித்தான் தெரிந்திருக்கும். எத்தனை கண் பார்த்தாலும் ஓரிடத்திலிருந்து பார்த்தால் அது ஒரு சாட்சிதான்.

1953 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் லியோன் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் எடுத்த நிலவுப் படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதற்குரிய பள்ளம் இதுதான் என்று ஒன்றைக் காட்டினார்கள். அந்தப் பள்ளம் 1953-க்கு முந்தைய படங்களிலேயே இருந்தது தெரிந்ததும் அந்தக் கதையும் அங்கேயே நின்றது. ஸ்டூவர்ட்டின் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதே நேரத்தில் இன்னொரு ஊரில் இன்னொருவர் படம் எடுத்திருந்தால் அன்றே முடிவு தெரிந்திருக்கும்.

அந்த இன்னொருவர் கிடைத்தது 1999 நவம்பர் 18 அன்று. லியோனிட் எரிகல் பொழிவு புயலாக வந்த ஆண்டு அது. டெக்சாஸில் பிரையன் கட்னிக் டெலஸ்கோப்பில் கண் வைத்து நிலவின் இருட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலக நேரப்படி 4 மணி 46 நிமிடம் 15 விநாடிக்கு ஒரு பொட்டு மின்னியது. நேரத்தைக் குறித்துவைத்துச் செய்தி அனுப்பினார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மேரிலாண்டில் டேவிட் டன்ஹம் அன்றிரவு நிலவை வீடியோ எடுத்து வைத்திருந்தார். அவர் டேப்பை அந்த நேரத்துக்கு ஓட்டிப் பார்த்தால், அதே இடத்தில் அதே பொட்டு. நிலவில் கல் விழுந்ததை மனிதர்கள் சந்தேகமில்லாமல் நிரூபித்தது அந்த இரவில்தான். இருவருமே அன்று செய்தது நீங்கள் உங்கள் மாடியில் செய்யக்கூடிய வேலைதான்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. நாசாவின் மார்ஷல் மையம் 2005-இல் கண்காணிப்பைத் தொடங்கியது. முதல் பொட்டு அந்த ஆண்டு நவம்பர் 7 அன்றே கிடைத்துவிட்டது. ஸ்பெயினில் ஹோசே மரியா மாடியேடோ 'மைடாஸ்' என்ற திட்டத்தை நடத்துகிறார். 2013 இவர்கள் இருவருக்குமே பெரிய ஆண்டு. மார்ச் 17 அன்று மழைக்கடல் என்று பெயர் பெற்ற சமவெளியில் சுமார் 40 கிலோ எடையுள்ள கல் ஒன்று விழுந்து ஏறக்குறைய ஒரு விநாடி ஒளிர்ந்தது. பதிவு செய்தது நாசாக் குழு. பிறகு நிலவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலம் அந்த இடத்தைப் படம் எடுத்தபோது, முன்பு எடுத்த படத்தில் இல்லாத ஒரு புதுப் பள்ளம் இருந்தது. அகலம் 18 மீட்டர். கல்லின் அகலம் அரை மீட்டர் கூட இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று மைடாஸ் பதிவு செய்த பொட்டு எட்டு விநாடி நின்றது. அந்தப் பள்ளத்தையும் எல்.ஆர்.ஓ. கண்டுபிடித்தது, சுமார் 34 மீட்டர். பொட்டுக்குப் பள்ளத்தை விடப் பெரிய சாட்சி கிடையாது.

2019 ஜனவரி 21 முழுச் சந்திர கிரகணத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு. கிரகணத்தை வேடிக்கை பார்க்கவும் நேரலை செய்யவும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளமானோர் கேமராவைத் திருப்பி வைத்திருந்தார்கள். கல்லை எதிர்பார்த்தவர்கள் சிலர்தான். உலக நேரப்படி 4 மணி 41 நிமிடம் 38 விநாடிக்கு விளிம்புக்கு அருகில் ஒரு பொட்டு தோன்றி கால் விநாடியில் மறைந்தது. பலருடைய பதிவில் அது ஒரே இடத்தில் இருந்தது. 45 கிலோ கல் என்று மாடியேடோவின் குழு கணக்கிட்டது. நம் ஊரில் அப்போது காலை பத்து மணி தாண்டியிருந்ததால் நமக்கு வாய்ப்பே இல்லை.

இனி உங்கள் மொட்டை மாடிக்கு வருவோம்.

என்றைக்குப் பார்ப்பது என்பதற்குத் தினசரி காலண்டரே போதும். வளர்பிறைச் சதுர்த்தி முதல் அஷ்டமி வரை மாலையில், தேய்பிறை அஷ்டமி முதல் துவாதசி வரை விடியலுக்கு முன். நாம் பார்க்க வேண்டியது பிறையின் ஒளிர்ந்த பகுதியை அல்ல, மங்கலாகத் தெரியும் மீதி வட்டத்தை. பூமியில் பட்டுத் திரும்பிய வெயில்தான் அந்த மங்கல் ஒளி. சதுர்த்திக்கு முன் நிலவு சீக்கிரம் மறைந்துவிடும். அஷ்டமிக்குப் பின் ஒளிர்ந்த பகுதியின் கூச்சம் லென்ஸுக்குள் சிதறி எல்லாவற்றையும் கழுவிவிடும். இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வரம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் நிலவின் பாதை அடிவானத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும். பிறை படகு போல மிதப்பது அதனால்தான். மாலை நிலவு நல்ல உயரத்தில் நிற்கும், இருட்டிய பிறகும் நேரம் கிடைக்கும். வட நாடுகளில் பல மாதங்கள் அதே பிறை கூரை உயரத்தில் தவழ்ந்துகொண்டிருக்கும்.

கண்ணால் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்னிக் பார்த்தார், உண்மைதான், ஆனால் அது எரிகல் புயல் இரவு. கறுப்பு வெள்ளை வீடியோ கேமரா ஒன்று வாங்குங்கள். விநாடிக்கு 25 அல்லது 30 ஃப்ரேம் எடுக்கக்கூடிய, சற்றுப் பெரிய சென்சார் உள்ளதாக இருக்கட்டும். 8 இஞ்ச் ஷ்மிட் காசெக்ரெய்ன் வகை டெலஸ்கோப்பின் குவியத் தூரம் 2,000 மில்லிமீட்டர். அதில் நிலவின் ஒரு துண்டுதான் தெரியும். குவியத்தைப் பாதியாகக் குறைக்கும் ரெட்யூசர் ஒன்றை மாட்டினால் இருட்டுப் பகுதி முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். கையால் திருப்பும் டாப்சோனியன் வகை என்றால் நிலவைத் தானே பின்தொடரும் மோட்டார் கட்டாயம் வேண்டும். பிறையின் வெளிச்சப் பக்கத்தைப் படத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள். மங்கல் பகுதியில் 'கடல்' எனப்படும் கருஞ்சமவெளிகளின் கரையும் அரிஸ்டார்கஸ் பள்ளத்தின் வெண்மையும் திரையில் தெரியும்வரை கேமராவின் கெயினை, அதாவது ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றுங்கள். இடம் கணக்கிட அந்த அடையாளங்கள் வேண்டும். பக்கத்தில் ஓரிரு நட்சத்திரம் விழுந்தால் இன்னும் நல்லது, பொட்டின் பிரகாசத்தை அதோடு ஒப்பிடலாம்.

மேலே சொன்ன வெப்பநிலை இங்கேதான் உதவுகிறது. குண்டு பல்பு போன்ற சூடு என்றால் பொட்டின் ஒளி சிவப்பிலும் அகச்சிவப்பிலும்தான் அதிகம். பூமியிலிருந்து நிலவுக்குப் போய் வரும் மங்கல் ஒளியோ நீலச் சாயல் கொண்டது. கேமராவுக்கு முன் ஒரு சிவப்பு வடிகட்டி வைத்தால் பின்னணி இறங்கும், பொட்டு அவ்வளவாக இறங்காது. சிறு செலவில் கிடைக்கும் பெரிய உதவி.

பதிவு மலைபோல் குவியும். பிக்சல்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்து எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 60 ஜிபி தாண்டும். இதைக் கண்ணால் ஓட்டிப் பார்க்க முடியாது. லூனார்ஸ்கேன் போன்ற மென்பொருள்கள் ஃப்ரேம்களை ஒப்பிட்டு, திடீரென்று பிரகாசமான புள்ளிகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தீர்மானம் எப்படி இருக்கும் என்று ஓர் இரவைச் சொல்கிறேன். வளர்பிறைப் பஞ்சமி, நல்ல வானம். முதலில் வந்தவை ஊசிமுனை போன்ற புள்ளிகள். ஒரே ஒரு பிக்சல், ஒரே ஒரு ஃப்ரேம். விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று சென்சாரைத் தைத்தால் அப்படி விழும். நிஜமான பொட்டு லென்ஸ் வழியே வருவதால் நட்சத்திரம் போலச் சற்றுப் பரவி நாலைந்து பிக்சல் பிடிக்கும். அப்புறம் வந்தது ஒன்று. முதல் ஃப்ரேமில் அழகான உருண்டைப் பொட்டு. அடுத்த ஃப்ரேமில் அதே இடத்தில் பாதிப் பிரகாசம். மூன்றாவதில் ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் போடலாம் போன்ற வடிவம். எனக்கு நெஞ்சு படபடத்தது. 60 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் நண்பர் அதே நேரம் பதிவு செய்துகொண்டிருந்தார். விநாடியைச் சொல்லி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பதிவு சுத்தமாக இருந்தது. அந்த விநாடியில், அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சுழன்றுகொண்டே போன ஏதோ ஒரு செயற்கைக்கோளின் மேல் வெயில் பட்டு மின்னியிருக்கிறது. பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

ஏன் 60 கிலோமீட்டர் போதும் என்றால், கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், விரல் சுவரில் இடம் மாறும். 800 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோள், 60 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவருக்கு நான்கு பாகைக்கு மேல் இடம் மாறித் தெரியும். நிலவின் அகலமே அரை பாகைதான். ஒருவருக்கு அது நிலவின் மேல் இருந்தால் மற்றவருக்கு நிலவை விட்டு எங்கோ போயிருக்கும். நிலவின் தரையில் விழுந்த பொட்டு மட்டும் இருவருக்கும் அதே பள்ளத்தின் பக்கத்தில் நிற்கும். ஆகவே கேமராவுக்கு அடுத்து உங்களுக்கு வேண்டியது வேறு ஊரில் ஒரு கூட்டாளி. இருவருடைய கடிகாரமும் விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஜி.பி.எஸ். நேரம் என்றால் கவலையே இல்லை.

எத்தனை நேரத்துக்கு ஒன்று கிடைக்கும்? நாசாக் குழு முதல் ஐந்தாண்டுகளில் தரமான சுமார் 267 மணி நேரப் பதிவில் 126 பொட்டுகளைக் கணக்கில் எடுத்தது. ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒன்று. அவர்கள் டெலஸ்கோப் 14 இஞ்ச், அனுபவமும் அதிகம். 8 இஞ்சில் மங்கலானவை தப்பிவிடும், எனவே இன்னும் பொறுமை வேண்டும். ஒன்றும் கிடைக்காத இரவின் மணிக்கணக்கையும் எழுதி வையுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். எத்தனை விழுந்தது என்பதை எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதால் வகுத்தால்தான் விகிதம் வரும். வெறும் பொட்டுகளை மட்டும் சேர்த்தால் அது ஆல்பம்தான், அளவீடு ஆகாது.

இந்த விகிதம் யாருக்கு வேண்டும்? சில நூறு கிராம் முதல் சில பத்துக் கிலோ வரையிலான கற்கள் விண்வெளியில் எவ்வளவு திரிகின்றன என்று பூமியிலிருந்து எண்ணுவது சிரமம். ஒரு ஊரின் வானம் சின்னது. நிலவின் இருட்டுப் பகுதியோ பல லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்த பலகை, அதை ஒரே கேமரா பார்த்துவிடும். மனிதர்கள் மீண்டும் நிலவில் இறங்கித் தங்கப் போகிறார்கள் என்றால் கூரை எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த எண்கள் தேவை. நேரடியாக விழும் கல்லை விட அது கிளப்பிவிடும் தெறிப்புகள் பரவலான ஆபத்து.

இன்னொரு பயனும் உண்டு, எனக்கு இதுதான் நெருக்கம். அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த அதிர்வுமானிகள் 1977 வரை ஓடி, சுமார் 1,700 விண்கல் மோதல்களைப் பதிவு செய்தன. 2023-இல் சந்திரயான் 3 கொண்டுபோன இல்சா கருவியும் ஆகஸ்ட் 26 அன்று இயற்கையானது போலத் தெரிந்த ஓர் அதிர்வைப் பதிந்தது. அதிர்வு எங்கே, எந்த விநாடியில் கிளம்பியது என்று தெரிந்தால்தான் அது நிலவுக்குள் எந்த வேகத்தில் பயணித்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். இடமும் விநாடியும் தருவது இந்தப் பொட்டுதான். அடுத்த முறை அங்கே அதிர்வுமானிகள் ஓடும்போது பூமியில் யாராவது விழித்திருக்க வேண்டும்.

அந்த 'யாராவது' இந்தியாவில் இருப்பதில் பொருள் இருக்கிறது. ஜப்பானில் ஹிராட்சுகா நகர அருங்காட்சியகத்தின் டைச்சி ஃபூஜி தொடர்ந்து பொட்டுகளைப் பதிவு செய்கிறார். 2023 பிப்ரவரி 23 அன்று அவர் பிடித்தது உலகெங்கும் பேசப்பட்டது. அவருக்கு நிலவு மறையும் நேரத்தில் நமக்கு உயரத்தில் இருக்கும். நமக்கு மறையும்போது கிரேக்கர்களுக்கும் ஸ்பெயின்காரர்களுக்கும் மாலை தொடங்கியிருக்கும். நடுவில் உள்ள சில மணி நேரம் நம்முடையது. நம் மாடிகளில் கேமரா இல்லையென்றால் அந்த நேரத்தில் விழும் கற்கள் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமலே போகும்.

தேதி வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். 2026 டிசம்பர் 9 அமாவாசை. ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்சம் 14-ஆம் தேதியை ஒட்டி வருகிறது. அன்று மாலை நிலவுக்கு ஐந்து நாள் வயது, முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இருட்டு. ஜெமினிட் கற்கள் வரும் திசையைக் கணக்கிட்டால் அவை நிலவின் நம்மைப் பார்த்த முகத்தை ஏறக்குறைய நேருக்கு நேர் தாக்கும். இப்படி எல்லாம் ஒன்றுகூடுவது அபூர்வம். வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஓய்ந்திராத காலம் என்பதுதான் கவலை. அதனால் கூட்டாளியைக் கடற்கரை ஊரில் தேடாமல் கோவை, தேனி பக்கம் மேற்கே தேடுங்கள், இருவரும் ஒரே மேகத்தின் கீழ் மாட்டாமல் இருக்கலாம். அதற்கு முன் வரும் இரண்டு மூன்று வளர்பிறைகளில் கேமராவைப் பழகிக்கொள்ளுங்கள், இருவருடைய நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது கிடைத்தால் ஃப்ரேம்களை வெட்டாமல், திருத்தாமல் அப்படியே வையுங்கள். நண்பருக்கு விநாடியை மட்டும் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். அவரே தேடிக் கண்டுபிடித்து இடத்தைச் சொல்லட்டும்.